கடல் ஏறுகிறதா, நிலம் இறங்குகிறதா? ஜாவாவின் திம்புல்ஸ்லோகோ கிராமம்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், வடக்குக் கடற்கரை நெடுகிலும் ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு பெருஞ்சுவர் எழுப்பப் போவதாக அதிபர் பிரபோவோ சுபியாந்தோவின் அரசு அறிவித்திருக்கிறது. மேற்கே பாந்தென் மாகாணத்தில் தொடங்கி கிழக்கே கிரெசிக் வரை அது நீளும். 8,000 கோடி அமெரிக்க டாலர் செலவாகும், முடிக்க 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும் என்று அதிபரே சொல்லியிருக்கிறார். 2025 ஆகஸ்டில் இதற்கென்றே தனி ஆணையமும் அமைக்கப்பட்டது.

செய்தியைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. புவி வெப்பமாவதால் கடல்மட்டம் உயர்கிறது, அதனால்தான் கரையோர ஊர்கள் மூழ்குகின்றன என்றுதான் பெரும்பாலான செய்திகள் சொல்கின்றன. ஆனால் உலக அளவில் கடல்மட்டம் உயர்வது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படியிருக்க, தாத்தா நெல் விளைவித்த வயலில் பேரன் படகு ஓட்டுகிற நிலை எப்படி வந்தது?

இதற்கு விடை தேட 500 கிலோமீட்டரையும் அலசத் தேவையில்லை. நடு ஜாவாவில் உள்ள திம்புல்ஸ்லோகோ என்ற ஒரு சிற்றூரைப் பார்த்தாலே போதும்.

ஊர் எங்கே இருக்கிறது

நடு ஜாவா மாகாணத்தின் தலைநகரம் செமாராங். அதன் கிழக்கு எல்லையை ஒட்டி தெமாக் மாவட்டம். அந்த மாவட்டத்தின் சாயுங் வட்டத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர்களில் ஒன்று திம்புல்ஸ்லோகோ. பக்கத்து ஊர் பெடோனோ. இரண்டின் கதையும் ஒன்றோடொன்று பின்னியது.

இந்தோனேசியாவில் கிராமத்தை 'தேசா' என்பார்கள். மாகாணம், மாவட்டம், வட்டம், தேசா என்று இறங்கிவரும் அடுக்கில் இதுதான் கீழ்ப்படி. நாட்டில் ஏறத்தாழ 75,000 தேசாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைவரையும் ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014இல் வந்த 6ஆம் எண் கிராமச் சட்டம் இவற்றுக்குத் தனி நிதியும் அதிகாரமும் கொடுத்தது. 2015 முதல் மத்திய அரசு நேரடியாக அனுப்பும் கிராம நிதி, 2020களின் தொடக்கத்தில் ஒரு தேசாவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி ரூபியாவை ஒட்டி வந்தது. எண் பெரிதாகத் தெரிந்தாலும் ரூபியாவின் மதிப்பு சிறியது. சாலையை மேடாக்கலாம், சிறு பாலம் கட்டலாம். ஓர் ஊரையே வேறு இடத்துக்குக் கொண்டுபோக அந்தப் பணம் போதாது.

தேசாவுக்குள் பல குக்கிராமங்கள் உண்டு. திம்புல்ஸ்லோகோ தேசாவில் அதே பெயரைக் கொண்ட குக்கிராமம்தான் இன்று நாற்புறமும் நீர் சூழ்ந்து நிற்கிறது.

வீட்டுக்குள் கடல்

உயர் ஓதத்தின்போது, அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவதில் உச்சத்தை எட்டும்போது, கடல்நீர் ஊருக்குள் புகுவதை ஜாவா மக்கள் 'ரோப்' என்கிறார்கள். மழை வெள்ளம் வேறு, ரோப் வேறு. வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் ரோப் வரும். நிலவின் போக்கை ஒட்டி ஏறும், இறங்கும். தொடக்கத்தில் ஆண்டில் சில நாட்கள் மட்டும் வந்தது, பிறகு மாதந்தோறும் வரத் தொடங்கியது. இப்போது திம்புல்ஸ்லோகோவில் தண்ணீர் போவதே இல்லை. அளவுதான் கூடிக் குறைகிறது.

அங்கே ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் குனிய வேண்டும். தண்ணீர் ஏற ஏற, வீட்டுக்காரர்கள் மண் கொட்டித் தரையை மேடாக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தரையும் நனைந்தது. மீண்டும் மண். மண்ணுக்குக் காசில்லாமல் போனதும் பலகை. சுவருக்குள் குறுக்குக் கட்டைகள் அடித்து, மேலே பலகை பரப்பி, அதன் மேல் குடும்பம் நடத்துகிறார்கள். தரை உயர்ந்தது, கூரை உயரவில்லை. இதனால் கதவின் மேல்பாதி மட்டுமே வழியாக மிஞ்சியது. ஒருகாலத்தில் மார்பளவில் இருந்த சன்னல் இன்று பலகைத் தரையை ஒட்டி இருக்கிறது. கூரையைப் பிரித்து உயர்த்திக் கட்ட வசதி உள்ளவர்கள் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் தலை தட்டாமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வீடு மரத்தாலான நடைபாலம். இதில் பெரும்பகுதி ஊரார் தாங்களே பணமும் உழைப்பும் போட்டுக் கட்டியது. உப்புநீரில் மரம் உளுத்துப் போவதால் பழுது பார்க்கும் வேலை ஓயாது. ஊரில் மின்சாரம் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, தொழுகையும் திருமணமும் நடக்கின்றன. மையவாடியை மண் நிரப்பி உயர்த்தினார்கள். ஓர் ஊர் தன் இறந்தவர்களை அடக்கம் செய்ய ஆறடி காய்ந்த நிலத்துக்காகத் திரட்டு நிதி போட வேண்டியிருப்பது, எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாத இழப்பு.

வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, வீட்டைச் சுற்றிய நீரில் வலையும் பொறியும் வைத்துப் பிடிக்கும் மீன், நண்டு, இறால். மற்றொன்று, செமாராங்கிலும் சாயுங்கிலும் நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும் தொழிற்சாலைகளில் கூலி வேலை. இளையவர்கள் படகில் வந்து கரையில் மோட்டார் சைக்கிள் எடுத்து ஆலைக்குப் போகிறார்கள். அந்த ஆலைகள் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இளம் மண்

தெமாக் என்ற பெயர் ஜாவா வரலாற்றில் பெரியது. தீவின் முதல் பெரிய இஸ்லாமிய அரசு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கேதான் எழுந்தது. அன்று தெமாக் கடல் வணிகத்தில் செழித்த நகரம். வடக்கே முரியா மலை தனித் தீவாக இருந்தது. மலைக்கும் ஜாவாவுக்கும் நடுவே ஒரு நீரிணை ஓடியது, அதில் கப்பல்கள் போய்வந்தன.

இன்று அந்த நீரிணை இல்லை. ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டல் சில நூற்றாண்டுகளில் அதைத் தூர்த்துவிட்டது. முரியா ஜாவாவோடு ஒட்டிக்கொண்டது, தெமாக் நகரம் உள்நாடாகிப்போனது. கடலை விலக்கி ஆறுகள் புதிதாகக் கட்டிய சமவெளி இது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த பகுதி புரியாது. இங்கே காலுக்குக் கீழே இருப்பது பாறை அல்ல, பல பத்து மீட்டர் ஆழத்துக்கு இளகிய களிமண்ணும் நடுநடுவே மணல் படலங்களும். இத்தகைய மண் தன் எடையாலேயே மெல்ல அமுங்கும். ஆண்டுதோறும் ஆறு புதிய வண்டலைக் கொட்டும் வரை அந்த அமுக்கம் ஈடாகிவிடும். வண்டல் வருவது நின்றாலோ, அடியிலுள்ள நீரை உறிஞ்சினாலோ, கணக்கு தலைகீழாகிவிடும். தெமாக்கில் இரண்டும் நடந்தன.

வயல் குளமானது, குளம் கடலானது

திம்புல்ஸ்லோகோவின் முதியவர்களுக்கு நெல்வயலும் தென்னையும் மிளகாய்த் தோட்டமும் நினைவில் இருக்கின்றன. இது பழங்கதை அல்ல, ஒரே மனித ஆயுளுக்குள் நடந்த மாற்றம். வரிசை இப்படிப் போனது:

1. 1980இல் 39ஆம் எண் அதிபர் ஆணை இழுவைமடி மீன்பிடிப்பைத் தடை செய்தது. சிறு மீனவர்களைக் காக்க எடுத்த நியாயமான முடிவு. ஆனால் ஏற்றுமதிக்கான இறால் கடலிலிருந்து வருவது குறைந்ததால், இறாலைக் கரையிலேயே வளர்க்கும் வேகம் பிறந்தது. அரசும் கடன் கொடுத்து ஊக்குவித்தது.

2. கரையோரம் முழுக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. 'தம்பாக்' எனப்படும் இந்த உவர்நீர்க் குளங்களில் பால் கெண்டை வளர்ப்பது ஜாவாவில் தொன்றுதொட்ட தொழில். புதிதாக வந்தது டைகர் இறாலும் அதன் லாபமும். உவர் ஏறத் தொடங்கிய வயல்களும் குளங்களாயின.

3. குளத்துக்கு இடம் வேண்டி அலையாத்திக் காடுகள் வெட்டப்பட்டன. கண்டலும் சுரபுன்னையும் நின்ற இடத்தில் மண் கரைகள் எழுந்தன. 1990களில் நோய் தாக்கி இறால் வருமானம் சரிந்தது. காடு திரும்பி வரவில்லை.

4. சேற்றுக் கரையின் இயல்பு சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அலையாத்தி வேர்களுக்கு இடையே அலை தளர்கிறது, தளர்ந்த நீரில் சேறு படிகிறது, கரை வளர்கிறது. செங்குத்தான குளக்கரையிலோ அலை மோதித் திரும்புகிறது. திரும்பும் அலை அடிச் சேற்றைக் கிளறி எடுத்துப் போகிறது. கரைக்கு முன்னால் ஆழம் கூடுகிறது, அடுத்த அலை இன்னும் பெரிதாக வருகிறது. ஒரு குளக்கரை உடைந்தால் அதன் பின்னால் உள்ள குளம் கடலின் முகப்பாகிவிடும்.

5. குளக்கரைகளும் கால்வாய்களும் ஆற்று வண்டலைக் கரையில் படியவிடாமல் தடுத்தன. மேற்கே செமாராங்கின் தஞ்சுங் எமாஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டியவையும் கடலைத் தூர்த்து எடுத்த நிலமும் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டன என்று சாயுங் மக்கள் நீண்ட காலமாகக் குற்றம் சாட்டிவருகிறார்கள்.

முதலில் வீழ்ந்தது பெடோனோ. அதன் குக்கிராமமான தம்பாக்சாரி 1999இலும், ரெஜோசாரி செனிக் 2006இலும் இடம்பெயர்க்கப்பட்டன. ரெஜோசாரியில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் போக மறுத்து, அலையாத்திக் கன்று நட்டபடி அங்கேயே தங்கியது. தம்பாக்சாரியில் இருந்த இறைநேசர் ஷேக் அப்துல்லா முத்ஸாகிரின் அடக்கத்தலம் மட்டும் கடல் நடுவே திட்டாக மிஞ்சியது. இன்றும் அங்கே ஜியாரத்துக்கு மக்கள் போகிறார்கள்.

4 மில்லிமீட்டரும் 8 சென்டிமீட்டரும்

இதுவரை சொன்னது கரை அரிப்பு. அது மட்டும் என்றால் ஊர் ஓரத்திலிருந்துதான் கரைந்திருக்கும். திம்புல்ஸ்லோகோவில் நடப்பது வேறு. வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, தண்ணீர் தரை வழியாக மேலே வருகிறது. காரணம், நிலமே இறங்குகிறது.

செமாராங்கின் வடகிழக்குப் பகுதியிலும் அதை ஒட்டிய சாயுங் கரையிலும் நிலம் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கு மேல் தாழும் இடங்கள் உள்ளன. சில இடங்களில் 10 சென்டிமீட்டரையும் தொடுகிறது. பக்கத்தில் கடலின் கணக்கை வைத்துப் பாருங்கள்:

1. பத்து ஆண்டில் கடல்மட்ட உயர்வு: 4 சென்டிமீட்டர்.
2. பத்து ஆண்டில் நிலம் இறங்குவது: 80 சென்டிமீட்டர்.
3. இக்கரையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு: சுமார் ஒரு மீட்டருக்குள்.

மூன்றாவது எண்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் மொத்த உயரத்தையும் நிலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கடந்துவிடுகிறது. உயர் ஓதத்திலும் நனையாமல் இருந்த முற்றம், அந்த இடைவெளிக்குள் தாழ் ஓதத்திலும் காயாத முற்றமாகிவிடும். மக்கள் திரும்பத் திரும்பத் தரையை உயர்த்தியும் தோற்றுப்போனதற்கு இதுதான் விளக்கம். அவர்கள் கொட்டிய மண்ணின் எடையும் இளகிய களிமண்ணை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

நிலம் ஏன் இறங்குகிறது? ஆழத்தில் உள்ள மணல் படலங்களில் நீர் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும். மேலே உள்ள மண்ணின் எடையில் ஒரு பங்கை அந்த நீர்தான் தாங்குகிறது. ஆழ்துளைக் கிணறு வழியாக அதை உறிஞ்சும்போது அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள களிமண் அடுக்குகள் தங்களிடமுள்ள நீரை மணலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அமுங்குகின்றன. மழை பெய்து மணலில் நீர் மறுபடி ஊறினாலும் அமுங்கிய களிமண் பழைய உயரத்துக்கு வராது. போன உயரம் போனதுதான். இனிமேல் இறங்காமல் தடுக்கலாம், இறங்கியதை ஏற்ற முடியாது.

யார் உறிஞ்சுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. செமாராங்கின் கிழக்குப் பகுதியிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கின்றன. அதே நேரத்தில் கிராமங்களும் அப்படித்தான். மேல்நீர் உப்பாகிவிட்ட ஊரில் குடிநீருக்கு ஆழ்கிணற்றைத் தவிர வழியில்லை. குழாய்நீர் பல கிராமங்களுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இந்த இரண்டு பயன்பாட்டையும் ஒரே தட்டில் வைத்து 'எல்லோரும்தான் காரணம்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குடும்பம் குடிக்க எடுக்கும் குடத்தையும், ஆலை இரவும் பகலும் எடுக்கும் நீரையும் ஒன்றாக நிறுத்தினால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதே மறைந்துவிடும். மாற்று நீரை வாங்கும் வசதி ஆலைக்கு உண்டு, படகில் போய்வரும் மீனவருக்கு இல்லை.

புவி வெப்பமாவதால் வரும் கடல்மட்ட உயர்வு பொய்யல்ல, அது வேகம் பிடித்துக்கொண்டும் வருகிறது. ஆனால் திம்புல்ஸ்லோகோவை இன்று மூழ்கடித்ததில் அதன் பங்கு சிறியது. இதைப் பிரித்துச் சொல்வது முக்கியம். மூழ்கியதற்குக் கடல்மட்டம்தான் காரணம் என்றால் குற்றவாளி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறார், உள்ளூர் நிர்வாகம் செய்யக்கூடியது சுவர் கட்டுவது மட்டுமே. நிலத்தடி நீர்தான் முதன்மைக் காரணம் என்றால், கிணற்று உரிமம் கொடுக்கும் அலுவலகத்தின் மேசையிலேயே தீர்வு கிடக்கிறது.

சுள்ளி வேலி: எது வென்றது, எது தோற்றது

தெமாக் கரையில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. இந்தோனேசியக் கடல் மற்றும் மீன்வள அமைச்சகமும், நெதர்லாந்தைச் சேர்ந்த வெட்லாண்ட்ஸ் இன்டர்நேஷனல், டெல்டாரெஸ் போன்ற அமைப்புகளும் சேர்ந்து, 'இயற்கையோடு கட்டுதல்' என்ற திட்டத்தை 2015 முதல் இங்கே நடத்தின. முன்னோட்டச் சோதனை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2022இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு உலகின் முதல் பத்து முன்மாதிரி மீட்டெடுப்புத் திட்டங்களை அறிவித்தபோது அதில் இதுவும் இடம்பெற்றது.

வேலை இப்படி நடந்தது. கடலின் ஆழம் குறைந்த இடத்தில் இரண்டு வரிசையாகக் கம்பங்கள் ஊன்றுவார்கள். இடைவெளியில் சுள்ளிக் கட்டுகளைத் திணித்து, மிதந்து போகாதபடி மேலே வலை போர்த்திக் கயிற்றால் இறுக்குவார்கள். சுவர்போல அலையை இது திருப்பி அடிக்காது. சுள்ளிகளின் ஊடாகத் தண்ணீர் புகுந்து போகும், போகையில் வேகம் இழக்கும். வேலிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் நீரில் சேறு படியும். சேறு போதிய உயரம் வந்ததும் அலையாத்தி விதைகள் தாமாகவே வந்து ஒட்டி முளைக்கும். ஆள் வைத்துக் கன்று நடுவதைவிட இப்படி முளைப்பவைதான் நிலைக்கும் என்பது திட்டத்தின் அடிப்படை நம்பிக்கை. கூடவே மீன் வளர்ப்போருக்குக் களப் பள்ளிகள் நடத்தினார்கள். குளத்தின் ஒரு பகுதியை ஆற்றோர அலையாத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மிச்சத்தில் நல்ல விளைச்சல் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

சேறு படிந்தது, சில இடங்களில் கன்றுகளும் முளைத்தன. இரண்டு எதிரிகள் குறுக்கே வந்தன. மரம் துளைக்கும் சிப்பியினப் புழுக்கள் கம்பங்களைச் சில மாதங்களிலேயே தின்று தீர்த்தன, அதனால் பராமரிப்புச் செலவு ஏறியது. அதைவிடப் பெரிய எதிரி நிலத் தாழ்வு. சேறு படியும் வேகத்தைவிட அடிநிலம் இறங்கும் வேகம் கூடுதலாக இருந்த இடங்களில் முளைத்த கன்றுகள் மூழ்கின. திட்டத்தை நடத்தியவர்களே இதை மறைக்காமல் எழுதினார்கள்: நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தாமல் இக்கரையை மீட்க முடியாது. என் பார்வையில், சுள்ளி வேலி கொடுத்த ஆகப் பெரிய பயன் இந்த வாக்குமூலம்தான்.

ஏன் போய்விடவில்லை?

இவ்வளவு துன்பத்துக்கு நடுவே மக்கள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து கேட்பது எளிது. முதலாவது, பலர் போய்விட்டார்கள். காலி வீடுகள் ஊர் நெடுகிலும் நிற்கின்றன. எஞ்சியவர்களின் சொத்து முழுவதும் அந்த வீடும் நிலமும்தான், தண்ணீருக்கு அடியில் உள்ளதை விலைக்குக் கேட்பவர் யாருமில்லை. விற்க முடியாதவர் வேறு இடத்தில் எதைக் கொண்டு வாங்குவார்? இரண்டாவது, வலை வீசும் நீர் அங்கேதான் இருக்கிறது. உள்நாட்டில் ஒரு மனை கிடைத்தாலும் பிழைப்பு கூடவே வராது. மூன்றாவது காரணம்தான் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை: போய்விட்டால் நிலத்தின் மீதான உரிமையும் போய்விடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது. அதற்கு வருமுன் சுவரைப் பார்த்துவிடலாம்.

சுவர் எதைத் தடுக்கும்

பெருஞ்சுவரின் ஒரு துண்டு திம்புல்ஸ்லோகோவுக்கு அருகிலேயே எழுந்துகொண்டிருக்கிறது. செமாராங்–தெமாக் சுங்கச்சாலை ஏறத்தாழ 27 கிலோமீட்டர். சாயுங்கிலிருந்து தெமாக் வரையிலான பகுதி 2023இல் திறக்கப்பட்டுவிட்டது. செமாராங்கின் காலிகாவே தொடங்கி சாயுங் வரையிலான சுமார் பத்தரை கிலோமீட்டரைச் சாலையாகவும் கடல் அணையாகவும் ஒருசேரக் கட்டுகிறார்கள். அடியில் சேறு அவ்வளவு இளகியிருப்பதால், மூங்கில்களை அடுக்கடுக்காகக் கட்டி மெத்தைபோல் பரப்பி அதன் மேல் மண் கொட்டுகிறார்கள்.

சுவர் ரோப்பைத் தடுக்கும், அதில் ஐயமில்லை. 2022 மே 23 அன்று செமாராங் துறைமுகப் பகுதியில் கரை உடைந்து தொழிற்பேட்டைக்குள் கடல் புகுந்ததைப் பார்த்தவர்கள் சுவரை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்:

1. சுவர் நிலம் இறங்குவதை நிறுத்தாது. சுவருக்குப் பின்னாலும் கிணறுகள் ஓடினால் உள்நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும், சுவரும் கூடவே இறங்கும்.

2. உள்ளே விழும் மழைநீரும் ஆற்றுநீரும் தானாகக் கடலுக்கு வடியாது. தேக்கக் குளங்கள் வெட்டி, பம்பு வைத்து வெளியேற்ற வேண்டும். மின்சாரமும் பராமரிப்பும் என்றென்றைக்குமான செலவு.

3. சேற்றுக் கரையில் கடினச் சுவர் என்ன செய்யும் என்பதைக் குளக்கரைகளே காட்டிவிட்டன. அலையும் நீரோட்டமும் சுவர் முடியும் இடத்தில் திரும்பும். சுவரின் காவலுக்கு வெளியே எஞ்சும் கரையோரக் குக்கிராமங்களின் கவலை இதுதான்: செமாராங்கைக் காக்கும் அணை தங்கள் பக்கம் தண்ணீரைக் கூட்டிவிடுமோ?

நிலத் தாழ்வை நிறுத்த முடியாது என்று நினைப்பவர்கள் டோக்கியோவைப் பார்க்கலாம். 1960களில் அந்நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தன. தொழிற்சாலைகள் நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, அதற்கு மாற்று நீரைக் குழாயில் கொடுத்தார்கள். 1970களின் இறுதிக்குள் தாழ்வு பெருமளவு நின்றது. இந்தோனேசியாவிலும் இதற்குத் தொடக்கம் உண்டு. 2021இல் ஜகார்த்தா ஆளுநர் பிறப்பித்த ஆணைப்படி, 2023 ஆகஸ்ட் முதல் நகரின் குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை இருக்கிறது. செமாராங்கின் மேற்குப் பகுதிக்கு ஜாதிபாராங் அணையின் நீர் குழாயில் போகத் தொடங்கிவிட்டது. கிழக்கே சாயுங்கின் கடலோரக் கிராமங்களுக்கும் ஆலைகளுக்கும் அப்படி ஒரு குழாய் வருவது, சுவரைவிடக் குறைந்த செலவில் சுவரைவிட முக்கியமான வேலையைச் செய்யும்.

'அழிந்த நிலம்' என்ற சட்டச் சொல்

இந்தோனேசியாவின் நிலச் சட்டத்துக்கு வேர் 1960இல் வந்த 5ஆம் எண் அடிப்படை வேளாண் சட்டம். அதன் 27ஆம் பிரிவு, ஒருவரின் முழு உடைமை உரிமை எப்போது முடிவுக்கு வரும் என்று பட்டியலிடுகிறது. அதில் ஒன்று, நிலம் அழிந்துபோனால். இதைத்தான் 'தானா முஸ்நா', அதாவது அழிந்த நிலம் என்கிறார்கள். நிலம் கடலுக்குள் போய் அடையாளம் காண முடியாமல் ஆகிவிட்டால், கையில் பட்டா இருந்தாலும் உரிமை இல்லை.

2021இல் வந்த 18ஆம் எண் அரசு விதிமுறை இதை விரித்தது. நிலம் அழிந்ததாக அடையாளம் காணப்பட்டால், அதை மீட்டுக் கட்டவோ தூர்த்து எடுக்கவோ முதல் முன்னுரிமை உரிமையாளருக்கே. காகிதத்தில் இது கரிசனமான விதி. நண்டுப் பொறி வைத்துப் பிழைக்கும் ஒருவர் தன் பங்குக் கடலைத் தாமே தூர்த்து நிலமாக்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். அவரால் முடியாதபோது உரிமை அற்றுப்போகிறது, நிலம் அரசின் கைக்குப் போகிறது.

சுங்கச்சாலை இந்தக் கேள்வியைச் சாயுங்கின் வாசலுக்கே கொண்டுவந்தது. சாலை போகும் வழியில் நூற்றுக்கணக்கான மனைகள் நீருக்கு அடியில் இருந்தன. உரிமையாளர்கள் வழக்கமான இழப்பீட்டைக் கேட்டார்கள். அவை அழிந்த நிலம் என்றது அரசு. நிலம் இல்லையென்றால் கையகப்படுத்த எதுவும் இல்லை, எனவே இழப்பீடும் இல்லை. இழுபறிக்குப் பின் 2023இல் 27ஆம் எண் அதிபர் விதிமுறை வந்தது. இழப்பீட்டுக்குப் பதிலாக 'கெரோஹிமான்' எனப்படும் கருணைத் தொகை கொடுக்க அது வழிசெய்தது. உரிமை அடிப்படையில் கிடைக்கும் இழப்பீட்டைவிட இது குறைவு, கொடுப்பதும் கருணை என்ற பெயரில்தான். இன்னொரு வரம்பும் உண்டு: அந்த விதிமுறை பொதுத் திட்டங்களுக்காக எடுக்கப்படும் நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். சாலையின் பாதையில் மூழ்கிய குளத்துக்கு ஏதோ ஒரு தொகை உண்டு. பாதைக்கு வெளியே அதே ஆண்டில், அதே காரணத்தால் மூழ்கிய குளத்துக்கு எதுவுமில்லை.

500 கிலோமீட்டர் சுவர் என்று வரும்போது இந்த விதிகள் ஒரு மாவட்டத்தோடு நிற்காது. சுவர் எழுந்ததும் அதன் பின்னால் தண்ணீரை இறைத்தால், மூழ்கிய குளங்களும் வயல்களும் மனைகளும் வெளியே தெரியும். தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் ஏற்ற, விலை ஏறிய நிலமாக அவை வரும். அதற்கு முன்பே அவை அழிந்த நிலமாக அறிவிக்கப்பட்டிருந்தால், புதிதாக வரும் நிலம் அரசுடையது, அரசு யாருக்கு ஒதுக்குகிறதோ அவர்களுடையது. எனவே சுவரின் நீளத்தையும் செலவையும் பற்றிய அறிவிப்புகளோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இரண்டு. கிழக்குச் செமாராங்கிலும் சாயுங்கிலும் தொழிற்சாலைகளின் ஆழ்துளைக் கிணறுகள் எந்தத் தேதியில் மூடப்படும்? சுவருக்குப் பின்னால் வெளிவரும் நிலத்தில், திம்புல்ஸ்லோகோ மக்கள் பலகைத் தரைக்கு மேலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பட்டாக்கள் செல்லுமா?